மாப்பிள்ளைத் தட்டு

பால் ஊற்றாத தேநீருக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெயர் இருக்கிறது. கொச்சியில் மூட்டை தூக்கிய காலத்தில் அது கட்டன். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவியபோது தே ஓ. சவூதியில் சுலைமானி. திருப்பூரில் கேட்டால், "என்னண்ணே, வயிறு சரியில்லீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. எங்கே விடிந்தாலும் காலையில் எனக்கு அது ஒரு கிளாஸ் போதும். இட்லி, தோசை, பரோட்டா எதுவானாலும் வெயில் ஏறாமல் தொட மாட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் காரணம் கேட்பார்கள். அல்சர் என்று சொல்லி வைப்பேன். அல்சர் எல்லாம் ஒன்றும் இல்லை. ஓர் ஆயுளுக்குத் தின்ன வேண்டிய காலைச் சாப்பாட்டை நான் பதினோரு வயதிலேயே, சில மாதங்களில் தின்று தீர்த்துவிட்டேன். அவ்வளவுதான்.

காரைக்காலில் எங்கள் தெரு முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். மதியமும் ராத்திரியும் சாப்பிடுவோம். காலையில் மட்டும் பசியாறுவோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆகவே ஒரு வீட்டின் மானம் மாப்பிள்ளை பசியாறுகிற தட்டில் இருந்தது. சாயங்காலம் பெண்கள் கூடினால் முதல் கேள்வி, "இன்னைக்கு மாப்பிள்ளைக்கு என்ன வச்சீங்க?" என்பதுதான். இடியாப்பம் மட்டும் என்றால் ஒரு சின்ன மௌனம் விழும். இடியாப்பமும், ஆணம் என்று நாங்கள் சொல்கிற ஆட்டுக்கால் குழம்பும் என்றால் தலையாட்டுவார்கள். இனிப்புக்கு வட்டலப்பமும் சேர்ந்தால் பேச்சு வேறு வீட்டுக்கு நகர்ந்துவிடும்.

என் அக்காவுக்கு, எங்கள் வழக்கில் லாத்தாவுக்கு, கல்யாணம் ஆனபோது வீட்டில் உம்மா, லாத்தா, நான் மூன்று பேர்தான். வாப்பா சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர், விடுப்பு முடிந்ததும் பந்தல்காரன் மூங்கிலை அவிழ்ப்பதற்குள் விமானம் ஏறிவிட்டார். லாத்தாவைக் கட்டிய மச்சானும் சவூதியில் வேலை பார்த்தவர்தான். விசா புதுப்பித்து வந்ததும் திரும்பிப் போவார் என்று பேச்சு. உயரமானவர், மெதுவாகப் பேசுவார். என்னை "முதலாளி" என்று கூப்பிடுவார். எங்கள் வீட்டில் என்னை அதற்கு முன் யாரும் அப்படி எதுவும் கூப்பிட்டதில்லை.

உம்மா மாப்பிள்ளை முன்னால் வர மாட்டார். அது எங்கள் தெருவில் அப்போது வழக்கம். முன்னறைக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். மச்சான் அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்து பசியாறுவார். உம்மா இந்தப் பக்கம் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதை உம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை. திரும்பி வருகிற தட்டைத்தான் பார்ப்பார். மாமியார்கள் எல்லாரும் தட்டைப் பார்த்தே மாப்பிள்ளையின் மனசைப் படித்தார்கள்.

முதல் சில நாள் தட்டு பாதியாகத் திரும்பி வந்தது. அப்புறம் தொட்டும் தொடாமலும் வந்தது. தேத்தண்ணிக் கோப்பை மட்டும் காலியாக வரும். அதுவும் பால் ஊற்றிய தேத்தண்ணி என்றால் ஆறி ஆடை படிந்து கிடக்கும். "பால் இல்லாம, சீனி கொறச்சு, ரெண்டு பொறை இருந்தாப் போதும்னு சொல்றாங்க" என்று லாத்தா வந்து சொன்னாள். பொறை என்றால் பேக்கரியில் விற்கிற காய்ந்த ரொட்டித் துண்டு. டீயில் முக்கினால் கரைந்துவிடும்.

உம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பொறையும் வெறுந்தேத்தண்ணியும் ஆஸ்பத்திரியில சீக்காளிக்குக் குடுக்கிறது. மாப்பிள்ளைக்கா குடுப்பாக? நாளைக்கு அவங்க உம்மா காதுல விழுந்தா எம் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?"

எதிர்வீட்டு மாமி விவரமானவள் என்று பெயர் எடுத்தவள். அவள் தட்டைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். "மாப்பிள்ளைங்க வாயத் தொறந்து கேக்க மாட்டாங்கடி. தட்டுலதான் கேப்பாங்க. ஏதோ கொற வச்சிருக்க நீ."

என்ன குறை என்று இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மோட்டார் சைக்கிள்தான் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை வாப்பா போன் பண்ணியபோது உம்மா அழுதார். வாப்பா மறுமுனையில் சரி என்றார். வண்டி வந்தது. மச்சான் வாசலில் நின்று அதைப் பார்த்தார். சீட்டைத் தடவிவிட்டு, "எதுக்கு இது?" என்று லாத்தாவிடம் கேட்டார். அன்று சாயங்காலம் என்னை முன்னால் உட்கார வைத்துக் கடற்கரை வரைக்கும் ஓட்டிப் போனார். மறுநாள் காலை தட்டு அப்படியே திரும்பி வந்தது.

உம்மா பயந்துபோனார். பயந்தவர் செய்யக்கூடியது ஒன்றுதான். தட்டில் இன்னும் கூட்டினார். நெய் ரொட்டி வந்தது. ஈரல் வறுவல் வந்தது. அவித்த முட்டை போய்ப் பொரித்த முட்டை வந்தது. விடிவதற்கு முன்பே அடுப்படியில் மசாலா வாசம் கிளம்பிவிடும். உம்மாவின் கை எந்நேரமும் வெங்காயம் நாறும். வீட்டில் இருந்த நாங்கள் முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு மாப்பிள்ளைத் தட்டு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் லாத்தா ஒரு யோசனை சொன்னாள். "அவங்களுக்குத் தனியா ஒக்காந்து தின்னுப் பழக்கமில்ல உம்மா. சவூதியில ரூம்ல எல்லாரும் ஒரே தட்டுலதான் தின்பாங்களாம். தம்பிய கூட ஒக்கார வைங்க. ஆம்பளப் புள்ளதானே."

உம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எங்களில் விருந்தென்றால் சஹன் என்கிற அகலத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைப்பது வழக்கம்தானே. மறுநாள் காலை என் முகத்தைக் கழுவி, தலையில் தொப்பி வைத்து, மச்சானுக்கு எதிரே பாயில் உட்கார வைத்தார்கள். நடுவில் சஹன். அதில் இருந்ததை எல்லாம் நான் அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

மச்சான் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எவ்ளோ தின்ப, முதலாளி?"

"எவ்ளோ வேணும்னாலும்."

"சும்மா சொல்லாத. தின்னுதான் காட்டேன் பாப்போம்."

நான் தின்று காட்டினேன். அவர் ஓர் இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து விரல் நுனியில் உருட்டிக்கொண்டே இருந்தார். இடையிடையே சத்தமாக, "ஆணம் நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வைடா" என்பார். திரைக்குப் பின்னால் உம்மாவின் வளையல் குலுங்கும். கடைசியில் தட்டை வழித்து என் வாயில் போட்டுவிட்டு, "யாருகிட்டயும் பீத்திக்கக் கூடாது. நமக்குள்ள" என்றார். நான் தலையாட்டினேன். வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை.

அன்று தட்டு பளபளவென்று உள்ளே போனது. உம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதார். லாத்தா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை.

அதிலிருந்து தினமும் அதே வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் தூக்கத்தில் போயிற்று. சட்டையின் நடுப் பொத்தான் போட முடியவில்லை. வாத்தியார் என் கன்னத்தைக் கிள்ளி, "ஒங்க அத்தா சவூதியிலேர்ந்து அரிசி மூட்டையா அனுப்புறாரு?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. மச்சானுக்கு என் மேல் அவ்வளவு பிரியம், தன் பங்கையே எனக்குத் தருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எங்கே பசியாறுகிறார் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அரசலாற்றுப் பாலத்துப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். டீக்கடை பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தார். கையில் பால் இல்லாத டீ. பொறையை அதில் முக்கி, கூழாகிற வரைக்கும் காத்திருந்து, ஸ்பூனால் கொஞ்சமாக எடுத்து வாயில் வைத்தார். விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ரொம்ப ருசியாக இருக்கும்போது அப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

டீ மாஸ்டர் கேலியாகச் சொன்னார்: "மாமியா வூட்டுல பாயா, ஈரலு. இங்க வந்து பொறைய நக்கிக்கிட்டு இருக்கீங்க. ஒங்க மாமியா கேள்விப்பட்டா எங் கடையக் கொளுத்திரும் பாய்."

"அதான் பாலத்துக்கு இந்தப் பக்கம் வர்றேன்" என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார். மட்டம் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ என்னயப் பாக்கல, நான் ஒன்னயப் பாக்கல. சரியா?" என்றார். எனக்கு இதைவிட நல்ல மச்சான் ஊரில் யாருக்கும் இல்லை என்று தோன்றியது.

இன்னொன்றும் பார்த்தேன். ஒரு நாள் விடிகாலை சுபுஹு பாங்கு சொல்லி முடித்த நேரம், ஒன்றுக்குப் போக எழுந்தேன். உம்மா தொழுதுகொண்டிருந்தார். கொல்லைப் பக்கம் விளக்கில்லாமல் லாத்தாவும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். லாத்தா ஒரு கிண்ணத்தில் பொறை ஊறின டீயைத் தாவணித் தலைப்பு போலிருந்த ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டி, பிழிந்து, ஸ்பூனால் அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்பூன் உள்ளே போயிற்று. அடுத்தது திரும்பி வந்தது. அவள் இன்னொரு கையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, போதும் என்பது போல் விலக்கினார். "இன்னும் ஒண்ணு. எனக்காக" என்றாள். சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி பெரியவருக்கு ஊட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். எழுந்து வந்து என் காதைப் பிடித்தாள். "பாத்துட்டியா? உம்மாகிட்ட சொன்னே, கொன்னுபுடுவேன்."

"புதுசாக் கல்யாணம் பண்ணினவங்க வெளையாட்டுத்தானே. எனக்குத் தெரியும்" என்றேன். எதிர்வீட்டு மாமி இப்படிப் பேசக் கேட்டிருந்தேன்.

லாத்தா என்னை உற்றுப் பார்த்தாள். காதை விட்டுவிட்டு, "ஆமாடா. வெளையாட்டுத்தான்" என்றாள்.

தட்டு பளபளவென்று போய்க்கொண்டிருந்தது. மச்சானோ இளைத்துக்கொண்டே போனார். உம்மா அவரைப் பார்ப்பதில்லை. லாத்தா எதுவும் சொல்வதில்லை. எனக்கு ஆள் இளைப்பது எல்லாம் கண்ணில் படுகிற வயதில்லை. ஆனால் ஊருக்குக் கண் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பார்த்தவர்கள் தருமபுரம் பக்கத்தில் இருந்த அவருடைய உம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலை, நாங்கள் சஹனைச் சுற்றி உட்காரப் போகும் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அவர் உம்மாவும் பெரியம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

லாத்தாவின் மாமி, மச்சானைப் பெற்றவர், நேராக மச்சானிடம் போனார். அவர் கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டில் தன் கட்டை விரலையும் நடு விரலையும் வளைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"எலும்பும் தோலுமா ஆக்கி வச்சிருக்கீங்களே எம் புள்ளைய" என்று கத்தினார். "இதுக்கா குடுத்தேன்?"

மச்சான், "உம்மா, சும்மா இருங்க. நீங்க வந்து ஒக்காருங்க" என்று அவரை இழுத்தார். மாமி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். அடுப்படியில் நின்றிருந்த உம்மாவுக்கு வாய் குழறியது.

"ஒரு நாளு தட்டு மிச்சம் வந்ததில்ல சம்பந்தி. அல்லாஹ் மேல ஆணை. வழிச்சு நக்கின மாதிரி வரும். ஈரலு, முட்டை, நெய் ரொட்டி... இந்தத் தெருவுல எவ வீட்டுலயும் இப்படிப் போடல."

"அப்பத் தின்னது யாரு? பேயா, ஜின்னா?"

பெரியம்மாதான் என்னைக் கவனித்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, பொத்தான் போடாத சட்டைக்கு நடுவே பிதுங்கிய வயிற்றில் விரலால் குத்தினார். "இதோ இருக்காரே மாப்பிள்ளை" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பயம் இல்லை. இத்தனை சண்டையும் எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. மச்சானுக்குப் பிடித்தது பால் இல்லாத தேத்தண்ணியும் பொறையும். அதை இந்த வீட்டில் யாரும் தருவதில்லை. இதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் போக வேண்டியதில்லை. நானும் முதல் பாடத்தில் தூங்க வேண்டியதில்லை.

"நான்தான் தின்பேன்" என்றேன். "மச்சானுக்கு இதெல்லாம் வேணாம். அவங்க வெறுந்தேத்தண்ணிதான் குடிப்பாங்க. மத்ததெல்லாம் எனக்குக் குடுத்துருவாங்க."

லாத்தா அம்மிப் பக்கத்தில் நின்றிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

உம்மா அகப்பையை எடுத்தது எனக்குத் தெரியும். முதல் அடி தோளில் விழுந்தது. "மாப்பிள்ளைச் சோத்தையா தின்ன? தின்னிப் பண்டாரமே, மாப்பிள்ளைச் சோத்தையா தின்ன?" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. ஆணம் ஒட்டியிருந்த அகப்பை சட்டையெல்லாம் மஞ்சளாக்கியது. நான் சொன்னதில் அவர்கள் காதில் விழுந்தது அந்த ஒரு பாதிதான். இன்னொரு பாதியை, ஓர் ஆள் ஏன் மாதக்கணக்கில் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருக்கிறான் என்பதை, அங்கே நின்ற பெண்களில் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள். சமைத்துப் போடுவதிலேயே ஆயுளைக் கழித்தவர்கள்.

திரை விலகியது. மச்சான் உள்ளே வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக உம்மா முன்னால் நின்றார். "அவன அடிக்காதீங்க மாமி."

உம்மா அகப்பையைப் போட்டுவிட்டு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். மச்சான் என்னைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தினார். அவர் நெஞ்சு என் காதுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கியது. அவர் லாத்தாவைப் பார்த்தார். லாத்தா தலையை லேசாக, வேண்டாம் என்பது போல அசைத்தாள். பிறகு அவர் சொன்னார், சுவரைப் பார்த்து நிற்கிற உம்மாவின் முதுகிடம்:

"எனக்குத்தான் இந்த வீட்டுச் சாப்பாடு புடிக்கல. அவன் மேல தப்பில்ல."

அடித்ததைவிட அது எனக்கு வலித்தது. பொய் என்று தெரியும். ஆணம் நல்லாருக்கு என்று தினமும் சொன்னவர்தானே. உம்மாவின் முதுகு ஒருமுறை குலுங்கியது. பிறகு அப்படியே நின்றது. மாமி வெற்றி பெற்றவர் மாதிரி, "கேட்டீங்கல்ல?" என்றார். மகன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினார். அங்கே போனால் தன் கையால் ஆக்கிப் போட்டு உடம்பைத் தேற்றிவிடுவேன் என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார். மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றது.

அன்று சாயங்காலம் நான் கொல்லையில் உட்கார்ந்து தோளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். லாத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எண்ணெயை வாங்கித் தானே தடவினாள்.

"இன்னும் கொஞ்ச நாளு வாய மூடிக்கிட்டுத் தின்னிருக்கக் கூடாதாடா?" என்றாள். "கொஞ்ச நாளுதானே. அதுவரைக்கும் இங்கனயே இருந்திருப்பாங்கள்ல."

விசா வரப்போவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "சவூதி போயிட்டாலும் போன் பண்ணுவாங்க லாத்தா" என்றேன். அவள் கை என் தோளில் நின்றது. அப்புறம் மறுபடி தடவினாள்.

அவள் அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். உம்மா விடவில்லை. "ஆக்கிப் போட்டவ மூஞ்சியில எச்சித் தட்ட வீசிட்டுப் போனவரு. அவரா வரட்டும். நீயாப் போனா நான் மவுத்தாப் போயிருவேன்." வாப்பாவும் போனில் அதையே சொன்னார். லாத்தா ஒரு தடவை தனியாகக் கிளம்பிப் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டாள். எதிர்வீட்டு மாமி பார்த்துக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு வாசல் கதவை உம்மா உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த வீட்டிலும் அவருக்கு ஆட்டுக்கால் ஆணம்தான் வைத்தார்களாம். பெற்ற தன் கையால் ஊட்டினால் இறங்கும் என்று மாமி வாயில் திணித்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் தண்ணீரும் இறங்காமல் போன பிறகுதான் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். உணவுக்குழாயில் கட்டி, முற்றிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைவிட இன்னொன்றும் அங்கே தெரியவந்தது. விசாவுக்காக எடுத்த மெடிக்கல் பரிசோதனையிலேயே அவரைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் கட்டிக்கொடுக்க ஒரு தங்கை இருந்தாள். நோய் இருக்கிற குடும்பம் என்று பேர் வந்தால் அவளைக் கேட்டு எவன் வருவான்? அந்த மெடிக்கல் கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

நோன்புக்கு முந்தின மாதம் அவர் இறந்தார். உம்மாவே பூட்டைத் திறந்து லாத்தாவை அழைத்துக்கொண்டு ஓடினார். மையத்தை, கிடத்தியிருந்த உடலை, பார்த்ததும் உம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டாரே, வெறுந்தேத்தண்ணிதானே கேட்டாரு, நான் ஈரல வச்சேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் ஒரே தவறைச் செய்தவர்கள். அதனால் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. போன கோபம் போய் உட்கார ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தது.

லாத்தா புருஷனை இழந்தவளாக எங்கள் வீட்டு உள்ளறையில் தனித்து இத்தா இருந்தாள். வெள்ளைப் புடவை, ஜன்னலை மூடிய அறை. வெளி ஆண்கள் யாரும் பார்க்கக் கூடாது. நான் தம்பி, அதனால் உள்ளே போய் வரலாம். ஒரு நாள் மச்சானின் பெரியம்மா வந்திருந்தார். உம்மா, எதிர்வீட்டு மாமி, லாத்தாவின் மாமி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் லாத்தாவுக்குப் பக்கத்தில் பாயின் ஓரத்தில் இருந்தேன். பெரியம்மா வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்டி, ஒரே பாயில படுத்து எந்திரிச்சவ. எங்களுக்குத்தான் தெரியல. ஒனக்குமா தெரியாது?"

மாமி அழுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியாது மாமி" என்றாள் லாத்தா. "எங்கிட்டயும் மறைச்சுட்டாங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தெரியாது என்கிறாளே. விடிகாலையில் துணியில் வடிகட்டிப் பிழிந்து, இன்னும் ஒன்று, எனக்காக என்று ஊட்டினாளே. அது விளையாட்டு என்றால் அதை இப்போது சொன்னால் என்ன? மச்சான் மேல் இவள் எவ்வளவு பிரியமாக இருந்தாள் என்று இவர்களுக்குத் தெரியுமே. நான் வாயைத் திறந்துவிட்டேன். "இல்ல, லாத்தா வந்து..." என்று ஆரம்பித்தும் விட்டேன்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "என்னடா? என்ன பாத்த? சொல்லு."

இதே முகம்தான் என் வயிற்றில் விரலால் குத்தியது. அடுத்து என்ன வரும் என்று என் தோளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொன்னால் அடி விழும் என்பதுதான் அந்த மாதங்களில் நான் கற்ற ஒரே பாடம்.

"ஒண்ணுமில்ல. லாத்தா வந்து இன்னும் பசியாறல, அதான்" என்றேன்.

பெரியம்மா பெருமூச்சு விட்டார். எதிர்வீட்டு மாமி, "புள்ளைக்கு இருக்கிற அக்கறையப் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமி மறுபடி அழ ஆரம்பித்தார்.

லாத்தா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. பாயில் ஊன்றியிருந்த கையை எடுத்து என்னை நோக்கி நீட்டினாள். வாய் தவறி உளறப் பார்த்ததற்குக் காதைத் திருகத்தான் வருகிறாள் என்று எனக்குத் தோன்றியது. கைக்கு அகப்படாமல் எழுந்து, திரையைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன்.